சோத்தாங்கை

ஜூன் 9, திங்கள்

விரலை ஆட்டிக்கொண்டே இருங்கள் என்று சொல்லித்தான் டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார். அதற்கென்று என் வீட்டுக்காரர் தன் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பழைய டென்னிஸ் பந்தைக் கொண்டுவந்து என் வலது உள்ளங்கையில் வைத்தார். எத்தனை பையன்களின் வேர்வை ஊறிய பந்தோ. கட்டிலுக்கு அடியில் உருட்டி விட்டுவிட்டேன். பந்து பிசைவதற்குப் பதிலாக எழுதுகிறேன். வலது கை வயிற்றோடு சேர்த்துப் பெல்ட்டில் கட்டிக் கிடக்கிறது, விரல்கள் மட்டும் வெளியே. மடியில் வைத்தால் எழுத வருகிறது. லேப் முதலாளி புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி, இதுவரை சும்மா கிடந்தது.

வியாழக்கிழமை ஆபரேஷன். தோள்பட்டையில் தசைநார் முழுசாகக் கிழிந்து எலும்பை விட்டே விலகிவிட்டதாம். இழுத்துத் தைத்திருக்கிறார்கள். ஆறு வாரம் பெல்ட், அதற்கப்புறம் மாதக்கணக்கில் பயிற்சி. எப்படி ஆயிற்று என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: வழுக்கி விழுந்தேன்.

இருபத்திரண்டு வருஷம் லேபில் மலம், மூத்திரம், சளி என்று பார்த்தவள் நான். காலையில் கபக் குப்பியைத் திறந்து பார்த்துவிட்டு, கை கழுவி, இட்லி தின்னும் ஆள். அருவருப்பு என்கிற சாமானை ஆண்டவன் எனக்கு வைக்கவே இல்லை என்று நினைத்திருந்தேன். வைத்திருக்கிறான், ஐம்பது வயதுக்கு என்று எடுத்து வைத்திருக்கிறான்.

மத்தியானம் சாம்பாரை ஊற்றி அவர் சோறு பிசைந்தார். விரல் இடுக்குகளில் பருப்பு பிதுங்கியது. சுண்டு விரலில் நகம் வளர்த்திருக்கிறார், காது குடைய. உருட்டி, "ஆ" என்றார். வாயைத் திறந்தேன். கட்டைவிரல் என் உதட்டைத் தொட்டுவிட்டுப் போய் மறுபடியும் சோற்றுக்குள் இறங்கியது. ஏழெட்டு வாய்க்கு மேல் போகவில்லை.

ராத்திரி ஒரு ஸ்பூனை இடது கையில் எடுத்தேன். பிடுங்கி வைத்துவிட்டார். "பீச்சாங்கையால தின்னா வீட்டுக்கு ஆவுமா? நான் எதுக்கு இருக்கேன்?" என்றார். உண்மையில் எனக்கும் குமட்டத்தான் செய்தது. காலையில் அந்தக் கை எங்கே போயிருந்தது என்று எனக்குத் தெரியும். சோப்புப் போட்டுக் கழுவினால் கிருமி போய்விடும் என்று ஊருக்கே சொல்பவள்தான். கிருமி போய்விடும், புத்தி போகமாட்டேன் என்கிறது.

கழுவுவதற்கு எனக்கு ஒரு கை இருக்கிறது. தின்பதற்குத்தான் ஆள் வேண்டியிருக்கிறது. ஒரு ஆசைதான் எனக்கு இப்போது: என் சோற்றை என் கையால் தின்ன வேண்டும்.

ஜூன் 11, புதன்

வலது அக்குளை இன்னும் யாரும் கழுவவில்லை. என் நாற்றத்தை நானே முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஜூன் 14, சனி

ஆள்மேல் ஆளாக வந்துகொண்டே இருக்கிறார்கள். ஆப்பிள், ஹார்லிக்ஸ், வாழைப்பழம். பழம் கறுத்து ஒழுகி, ஈ மொய்க்கிறது. எடுத்துப் போட என்னால் முடியவில்லை, அவர் கண்ணுக்கு அது தெரியவில்லை.

அவருடைய அக்கா, செண்பகம் மைனி, ஒரு பாட்டில் தைலத்தோடு வந்தாள். பூண்டும் கற்பூரமும் போட்டுக் காய்ச்சியதாம். தையல் போட்ட இடத்தில் தேய்க்கக் கூடாது என்று சொல்லியும் கேட்காமல் கழுத்தில் தேய்த்துவிட்டாள். வந்த நேரம் அவர் எனக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். மைனிக்குக் கண் கலங்கிவிட்டது.

"குடுத்து வச்சவட்டி நீ. எந்த ஆம்பள இப்படித் தல வாரி விடுதான், சோறு ஊட்டுதான்? ஒங்க அண்ணாச்சி எனக்கு ஒரு செம்பு தண்ணி மோந்து தந்திருக்காகளா?"

அவர் சிரித்தபடி சிக்கெடுத்தார். பி.டி. மாஸ்டர் கை. சீப்பு ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் என் தலை பின்னால் போய் முன்னால் வந்தது.

என் தங்கை மங்கையும் அப்போது இருந்தாள். பெருமாள்புரத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். மைனி எங்கே வழுக்கிச்சு என்று கேட்டதற்கு அவர், "பின்வாசல் படில. பாசி புடிச்சுக் கெடக்கு, பாத்து வரமாட்டா" என்றார்.

"பாத்ரூம்லன்னுல்லாக்கா சொன்ன?" என்று மங்கை என்னைப் பார்த்தாள்.

"பாத்ரூமுக்குப் போற படிதான்" என்றார் அவர். பதில் உடனே வந்தது. அவருக்கு எப்போதும் உடனே வரும்.

லேபில் ஒரே சாம்பிளில் இரண்டு பெயர் ஒட்டியிருந்தால் கீழே கொட்டிவிட்டுப் புதிதாக எடுக்கச் சொல்வோம்.  மங்கை போகும்வரை அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 20, வெள்ளி

தையல் பிரித்தார்கள். சின்னச் சின்னத் துளைகள், எறும்பு கடித்தது மாதிரி. இதற்கா இத்தனை கூத்து என்று இருந்தது.

பிசியோ செய்ய ஜெனிஷா என்று ஒரு பெண். நாகர்கோவில்காரி, என் மகள் தாமிராவைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவளாக இருப்பாள். கை சுத்தமாக இருந்தது. சோப்பு வாசனை மட்டும், வேறு எதுவும் இல்லை. அதற்கே அவளைப் பிடித்துவிட்டது. என் கையை இரண்டு கையாலும் தாங்கி, தொட்டில் குழந்தையைத் தூக்குவதுபோல் கொஞ்சம் தூக்கினாள். வலித்தது, ஆனால் பொறுக்க முடிந்தது.

"இப்ப நீங்க கொஞ்சமும் பலம் குடுக்கக் கூடாதுக்கா. தையல் பிஞ்சிரும். கை செத்த கை மாதிரி கெடக்கணும். வேற ஆள்தான் தூக்கி விடணும். வீட்ல யாரு இருக்கா?"

"நான் இருக்கேன்மா" என்று கதவருகில் இருந்து அவர் குரல் கொடுத்தார். "பி.டி. மாஸ்டர். இருபத்தாறு வருஷ சர்வீஸ்."

ஜெனிஷாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப நல்லதாப் போச்சு சார். பாதிப் பேரு வீட்ல தூக்கத் தெரியாமத் தூக்கி இன்னொரு தடவ கிழிச்சுக்கிட்டு வருவாங்க. ஒங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்."

இங்கே பிடிங்க, இங்கே தாங்குங்க, இவ்வளவுதான் தூக்கணும் என்று சொல்லிக் கொடுத்தாள். அவர் நல்ல மாணவன்போல் தலையாட்டினார். என் கையை என்னைக் கேட்காமலே ஒப்படைத்துவிட்டார்கள்.  நான் என்ன சொல்லியிருக்க முடியும்?

சாயங்காலம் தாமிரா சென்னையிலிருந்து வீடியோ காலில் வந்தாள். அவர் எனக்குச் சடை பின்னிக்கொண்டிருந்ததை அப்படியே போட்டோ பிடித்து, "எனக்கும் அப்பா மாதிரி மாப்பிள்ளைதான் வேணும்" என்று எழுதிச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டுவிட்டாள். கட்டைவிரல் கட்டைவிரலாக வந்து விழுந்துகொண்டிருக்கிறது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

ஜூன் 26, வியாழன்

காலையில் பயிற்சி, சாயங்காலம் பயிற்சி. கழுத்தில் விசிலோடுதான் வருகிறார், பள்ளிக்கூடத்தில் இருந்து வந்து கழற்றுவதில்லை. விசிலின் வாயில் காய்ந்த எச்சில் வெள்ளையாக ஒட்டியிருக்கிறது. என் கையைத் தூக்கக் குனியும்போது அது என் கன்னத்துக்குப் பக்கத்தில் ஆடுகிறது.

"தளர விடு" என்கிறார். தளரத்தான் விடுகிறேன். "தளர விடுன்னு சொல்லுதேன்லா" என்கிறார். நான் பலம் கொடுக்கவில்லை, கை தானாகக் கொடுக்கிறது. ஓரளவுக்கு மேல் போகமாட்டேன் என்று முட்டிக்கொண்டு நிற்கிறது.

ஜூலை 5, சனி

என் ஸ்கூட்டர் சாவி ஆணியில் இல்லை. அவர் சட்டைப் பையில் இருக்கிறது. "இப்ப எங்க ஓட்டப் போற நீ?" என்கிறார். அதுவும் சரிதான்.

ஜூலை 18, வெள்ளி

பெல்ட்டைக் கழற்றினார்கள். உள்ளே இருந்தது என் கை என்று சொல்லித்தான் தெரிந்தது. மெலிந்து, வெளுத்து, மடிப்பில் தோல் திரிதிரியாக உரிந்து வந்தது. ஈர நாற்றம். டாக்டர் முகத்தில் எதுவும் தெரியவில்லை, பழகியவர். ஜெனிஷா வெந்நீரில் துணி நனைத்து அவளே துடைத்துவிட்டாள். யாரும் இப்படி அவசரமில்லாமல் என்னைத் தொட்டு நாளாயிற்று.

கையைத் தூக்கச் சொன்னார்கள். தோள் உயரம்கூட வரவில்லை. டாக்டர் பிடித்துத் தூக்கினார், அதே இடத்தில் நின்றது.

"தையல் நல்லா இருக்கும்மா. ஆனா தோள் இறுகிப்போச்சு. பயிற்சி ஒழுங்காச் செய்யிறீங்களா?"

"ரெண்டு வேளையும் நானே செய்து விடுதேன் சார்" என்றார் அவர். "இவதான் ஒத்துழைக்க மாட்டேங்கா. வெறச்சுக்கிட்டுக் கெடக்கா."

"இந்த நிலைமை இப்படியே போச்சுன்னா செப்டம்பர்ல மயக்கம் குடுத்துத்தான் தோளைத் திருப்பி விடணும்" என்றார் டாக்டர் என்னிடம். நான் மயங்கிக் கிடக்க, வேறொருவர் என் கையைப் பிடித்துத் திருப்புவார். வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தேன். அவர் முதுகைத் தடவிவிட்டார். ஆட்டோக்காரர் என்னிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "ஐயா தங்கமான மனுசன்" என்றார்.

பெல்ட் போனாலும் சோறு கிடைக்கவில்லை. கை நெஞ்சுவரை வருகிறது, வாய்க்கு வரவில்லை. மீதித் தூரத்துக்கு வாய் போக வேண்டியிருக்கிறது. தட்டின்மேல் கவிழ்ந்து நாய் மாதிரி ரெண்டு வாய் தின்று பார்த்தேன். அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "பாக்க அசிங்கமா இருக்கு. ஆக் காட்டு."

ஜூலை 24, வியாழன்

ஜெனிஷாவிடம் போனோம். அவர் என் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார், வழக்கமான இடத்தில் முட்டி நின்றது. அப்போது அவருக்குத் தலைமையாசிரியரிடமிருந்து போன். வெளியே போனார். ஜெனிஷா பேச்சுக் கொடுத்துக்கொண்டே கையை வாங்கினாள். லேபில் சிரிஞ்சை எந்தக் கையில் பிடிப்பீங்க, குழந்தைகளுக்கு நரம்பு எப்படிக் கண்டுபிடிப்பீங்க என்று கேட்டாள். குழந்தை அழுது முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும், அழும்போது குத்தினால் நரம்பு ஓடிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். "மேல பாருங்கக்கா" என்றாள். என் கை என் காதுக்குப் பக்கத்தில் இருந்தது.

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. ஜெனிஷாவின் கைக்குள்ளேயே என் கை கல்லாகிவிட்டது. நான் செய்யவில்லை. அவளும் அழுத்தவில்லை. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் உள்ளே வந்ததும் ஜெனிஷா சொன்னாள்: "சார், அடுத்த வாரத்துலருந்து நீங்க வெளியவே இருங்க. வீட்லயும் இனி நீங்க தூக்க வேண்டாம். கப்பி தாரேன். அவங்களே செய்யட்டும்."

"ஏம்மா, நான் எதுவும் தப்பாச் செய்யுதனா?"

"இல்ல சார். அடுத்த கட்டம் அப்படித்தான்" என்றாள். அடுத்த கட்டம் அப்படித்தானா என்பது எனக்குத் தெரியாது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

கதவுக்கு மேல் கப்பி. ஒரு கயிறு, இரண்டு நுனியிலும் பிடி. இடது கை கீழே இழுக்க, வலது கை மேலே போகிறது. வேறு யாரும் வேண்டாம். இத்தனை வருஷம் கழுவ மட்டும் வைத்திருந்த கை, மற்றதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குகிறது. எங்கே நிறுத்த வேண்டும் என்று அதற்குத் தெரிகிறது.

அவர் கதவோரம் நின்று பார்த்தார். "நான் தொட்டாப் பிடிக்கலையோ?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஜெனிஷாதான் சொன்னாள் என்றேன். விசிலை வாயில் வைத்து மெதுவாக ஊதிக்கொண்டே போனார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இன்று புதுப் பயிற்சி. கையைப் பின்னால் கொண்டுபோக வேண்டும். பிளவுஸ் கொக்கி மாட்ட, பாவாடை செருக எல்லாவற்றுக்கும் இதுதான் வேண்டும் என்றாள் ஜெனிஷா. ஒரு துண்டை என் இடது தோள் வழியாகப் பின்னால் தொங்கவிட்டு, வலது கையைப் பின்னால் கொண்டுவந்து அதன் கீழ் நுனியைப் பிடிக்கச் சொன்னாள்.

கை இடுப்பெலும்பைத் தாண்டியதும் எனக்கு மூச்சு முட்டியது. வேர்வை ஆறாக வடிந்தது. என் வேர்வை நாற்றமே மாறியிருந்தது, தகரம்போல.

"விரலைத் திறங்கக்கா, துண்டைப் பிடிக்கணும்லா."

திறக்கவில்லை.

"தோள்தான வலி, விரல்ல என்ன? ஏன் இப்படிப் பொத்தி வச்சிருக்கீங்க?" என்று விரல்களைத் தொட்டுப் பார்த்தாள். பிரிக்கப் பார்க்கவில்லை, சும்மா தொட்டாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "கைக்குள்ள என்னக்கா வச்சிருந்தீங்க?" என்றாள்.

வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. வைத்திருந்தீர்கள் என்று கேட்டாள்.

ஒன்றும் இல்லை என்றேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மே 12. காலையில் மூன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும் முன் ரத்தம் எடுக்க வேண்டும். பை தோளில், ஸ்கூட்டர் சாவி கையில். விடிந்தும் விடியாமலும் ஊரான் வீட்டுக் கதவைத் தட்டப் போக வேண்டாம் என்று அவர் சொன்னார். போவேன் என்று நான் சொன்னேன்.

இதற்கு மேல் எழுத வரவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

செண்பகம் மைனி மகள் வள்ளிமயிலுக்கு வளைகாப்பு, ஆவணி முதல் வெள்ளி தாண்டி அடுத்த வெள்ளி. மைனி தாம்பூலத்தோடு வந்திருந்தாள். நான் தட்டின்மேல் கவிழ்ந்து உப்புமா தின்றுகொண்டிருந்தேன். அவர் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து இப்படித்தான் தின்கிறேன். மூக்கில், நெற்றியில் எல்லாம் ரவை ஒட்டுகிறது. எனக்கே என்னைக் கண்டால் அருவருப்பாக இருக்கிறது, ஆனாலும் அந்தக் கட்டைவிரல் உதட்டில் படுவதைவிட இது தேவலாம்.

"ஏட்டி, விசேஷத்துல இப்படித் திங்காத. மாப்பிள வீட்டு ஆளுக பாப்பாக" என்றாள் மைனி. "தம்பி பக்கத்துல உக்காந்து ஊட்டட்டும். நாலு பேரு பாத்துத்தான் தெரிஞ்சுக்கிடட்டுமே, எங்க வீட்டு ஆம்பள எப்பேர்ப்பட்டவன்னு."

ஆகஸ்ட் 29, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

வள்ளிமயில் முழங்கைவரை வளையலோடு மணையில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொருத்தியாகப் போய் சந்தனம் பூசி வளையல் போட்டார்கள். என் முறை வந்தபோது வலது கையைக் கிண்ணத்தில் விட்டுவிட்டேன், கன்னத்துக்குத் தூக்க முடியவில்லை. பின்னால் யாரோ "உச்" கொட்டினார்கள். வள்ளிமயில் அந்த வயிற்றோடு முன்னால் குனிந்து, தன் கன்னத்தை என் கை இருந்த இடத்துக்குக் கொண்டுவந்தாள். "பூசுங்க அத்தை" என்றாள். பூசினேன்.

அப்புறம் பந்தி. அவர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தப் பக்கம் மங்கை, எதிர் வரிசையில் மைனியும் மாப்பிள்ளை வீட்டுப் பெண்களும். வள்ளிமயிலையும் உட்கார வைத்தார்கள். சோறு விழுந்தது, சாம்பார் விழுந்தது. அவர் தன் இலையைத் தொடாமல் என் இலையில் கை வைத்துப் பிசைந்தார். அவசரமே இல்லை. எல்லாரும் பார்க்கும்வரை பிசைந்தார். எதிரே ஒரு அம்மாள் பக்கத்து அம்மாளை இடித்துக் காட்டினாள். மைனியின் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

உருண்டை வாய்க்கு வந்தது. விரல் இடுக்கில் பருப்பு. சுண்டு விரலில் நகம். என் வாய் திறக்கவில்லை.

"ஆ" என்றார். அப்புறம் எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "வாயத் தெற" என்றார்.

அந்தக் குரலை எனக்குத் தெரியும். மே மாதம் அது "கையத் தெற" என்றது.

இடது கையை இலையில் வைத்தேன். அவர் பிசைந்ததை ஓரமாக ஒதுக்கினேன். ஒதுக்காத சோற்றில் கொஞ்சம் எடுத்து, சாம்பாரில் தோய்த்து, வாயில் போட்டுக்கொண்டேன்.

"ஏட்டி" என்றாள் மைனி, "விசேஷ வீட்ல பீச்சாங்கையால... சோத்தாங்கை என்ன ஆச்சு? அவன்தான் ஊட்டுதான்லா?"

மென்று விழுங்கிவிட்டுத்தான் சொன்னேன். "சோத்தாங்கைய ஒங்க தம்பிதான் முறிச்சாக மைனி. பின்னால வளைச்சுப் பிடிச்சு, சாவியப் பிடுங்குததுக்காக. நான் எந்தப் படிலயும் வழுக்கல."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் வரிசை முழுக்கக் கேட்டது. ரசம் கொண்டுவந்தவர் எங்களைத் தாண்டிப் போய்விட்டு, திரும்பி வந்து, மறுபடியும் போனார்.

"மருந்து வேகம்" என்றார் அவர், சிரித்துக்கொண்டு. "என்னத்தையோ பேசுதா." இந்தத் தடவை பதில் உடனே வரவில்லை. வருவதற்குக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. அதை எல்லாரும் பார்த்தார்கள்.

மைனி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள், மூக்கு ஓரம் சுருங்கியது. "எல முன்ன உக்காந்து பேசுத பேச்சா இது" என்றாள். அந்த முகச்சுளிப்பு எனக்குப் புதிது இல்லை. லேபில் தினமும் பார்த்ததுதான். குப்பிக்குள் இருப்பது அவர்கள் வீட்டுடையதுதான், ஆனாலும் அதைக் கையில் வைத்திருப்பவளைப் பார்த்துத்தான் முகம் சுளிப்பார்கள்.

"சாவியத் தாங்க" என்றேன். இடது கையை நீட்டினேன், சோற்றுப் பருக்கையோடு.

அவர் அசையவில்லை. மங்கை தன் இலையை மூடிவிட்டு எழுந்து என் பின்னால் வந்து நின்றாள். அப்போது வள்ளிமயில் பேசினாள். "மாமா, அத்தைக்குச் சாவியக் குடுங்க." கை நிறைய வளையல், மேசைமேல் வைத்தபோது அத்தனையும் சத்தம் போட்டன. மாப்பிள்ளை வீட்டு அம்மாளும், "குடுங்களேன், அதுல என்ன இருக்கு" என்றாள்.

சட்டைப் பையிலிருந்து எடுத்தார். எச்சில் கையில் கொடுக்க அவருக்கு அருவருப்பு. இலை ஓரத்தில், அப்பளத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

நான் பந்தியை விட்டு எழுந்திருக்கவில்லை. ரசம் கேட்டு வாங்கினேன், மோர் வாங்கினேன். ருசியாக இருந்தது என்று எழுத மாட்டேன். ஆனால் ஒரு வாய்கூடக் குமட்டவில்லை.

வெளியே வந்ததும் மங்கை என்னோடு என் வீட்டுக்கு வந்து ஸ்கூட்டரை எடுத்தாள். நான் பின்னால் உட்கார்ந்தேன். இதைப் பெருமாள்புரத்தில், அவள் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

செப்டம்பர் 3, புதன்

அவர் மங்கை வீட்டு வாசலுக்கு வந்தார். கையில் ஆப்பிள். சட்டை இஸ்திரி போட்டிருந்தது, விசில் இல்லை. "தல வாரி விட ஆள் வேணும்லா" என்றார். நான் கூந்தலைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்ததை அப்போதுதான் பார்த்தார். மங்கை கதவைச் சாத்திவிட்டாள். ஆப்பிளை வாசலிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். மாடு வந்து தின்றது.

தாமிரா போன் பண்ணினாள்.  குரூப்பில் போட்ட அந்தப் போட்டோவை எடுத்துவிட்டதாகச் சொன்னாள். "நான் வரட்டாம்மா?" என்றாள். வா என்றேன்.

செப்டம்பர் 8, திங்கள்

டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். நெற்றிவரை நானே, அதற்கு மேல் டாக்டர் விரலால் தாங்கியதும் போயிற்று. மயக்கமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று எழுதிவிட்டார். "வீட்டுல பயிற்சி மாத்தினீங்களா?" என்று கேட்டார். "வீட்டையே மாத்திட்டேன் சார்" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். எப்படி ஆச்சு என்று மறுபடியும் கேட்டார். இந்தத் தடவை சரியாகச் சொன்னேன். பழைய சீட்டில் எழுதியிருந்ததை அடித்துவிட்டுத் திருத்தி எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.

ஜெனிஷாவிடம் துண்டுப் பயிற்சி. இடுப்பைத் தாண்டியதும் மூச்சு முட்டியது, விரல் மூடிக்கொண்டது.  ஜெனிஷா எனக்குப் பின்னால் சும்மா நின்றாள். அந்தப் பக்கம் யாரோ கிழவருக்கு முழங்கால் பயிற்சி, அவர் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்தபோது துண்டு என் கையில் இருந்தது. எப்போது பிடித்தேன் என்று தெரியவில்லை.

"விடுங்கக்கா" என்றாள். விட்டேன்.

செப்டம்பர் 15, திங்கள்

லேபுக்குப் போனேன். கொஞ்ச நாளைக்கு ரத்தம் எடுக்கும் வேலை வேண்டாம், உள்வேலை மட்டும் பாருங்கள் என்றார் முதலாளி. மேல் அலமாரி இன்னும் எட்டவில்லை. கீழ் அலமாரியிலேயே போதும் போதும் என்கிற அளவுக்கு வேலை கிடக்கிறது.

முதல் சாம்பிள் கபம். கொண்டுவந்த பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினான். வாங்கி, மூடியைத் திறந்து வெளிச்சத்தில் பார்த்தேன். மஞ்சள், கெட்டி, ஓரத்தில் ஒரு கோடு ரத்தம். யாரோ ராத்திரி முழுக்க இருமியிருக்கிறார்கள், பாவம் என்று தோன்றியது. வேறு எதுவும் தோன்றவில்லை.

மத்தியானம் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு டப்பாவைத் திறந்தேன். மங்கை கட்டிக் கொடுத்த தயிர்ச்சோறும் நாரத்தங்காய் ஊறுகாயும். வலது கையால் பிசைந்தேன். தலை குனியாமல் சாப்பிட்டேன்.